கை வைக்காத நாற்காலி

நாற்காலி வாங்க பெங்களூர் போகிறேன் என்று சொன்னதும், கடையில் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். "ஏன்க்கா, திருச்சியில உக்கார எடமில்லையா?" என்று கேட்டாள் ஒருத்தி. இடமெல்லாம் இருக்கிறது. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எட்டு நாற்காலிகள் கிடக்கின்றன. எட்டுக்கும் கை உண்டு. அதுதான் பிரச்சினை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று பெங்களூரிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். அக்கா உடம்பு பெருத்தவள். சாப்பிடக் கூப்பிட்டபோது அந்த நாற்காலியின் இரண்டு கைகளுக்கு நடுவில் எப்படியோ உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டு முடித்து எழுந்தபோது நாற்காலியும் அவளோடு எழுந்தது. என் கணவரின் உறவுப் பையன் ஒருவன் அதை போனில் படமெடுத்து, சிரிக்கும் பொம்மைகளோடு குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டான். நான் அவனிடம் கத்தி, படத்தை அழிக்க வைப்பதற்குள் எல்லோரும் பார்த்தாயிற்று. அக்காவும் அன்றைக்குக் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

டிக்கெட் கிடைக்கவில்லை என்பாள், அத்தானுக்குச் சளி என்பாள், தண்ணீர் லாரி வரும் நாள் என்பாள். வருகிற தை மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம், வீட்டிலேயே வைத்திருக்கிறோம். பெரியம்மா இல்லாமல் தட்டு மாற்றுவதா? போனில் கூப்பிட்டால், "பாக்கலாம்டி" என்றாள். என் அக்காவின் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். கை இல்லாத நாற்காலியாக ஆறு வாங்கி மேஜையைச் சுற்றிப் போட்டுவிடுவது. ஒன்று மட்டும் வாங்கினால் அது அக்காவின் நாற்காலி என்று ஊருக்கே தெரியும். ஆறும் அப்படியே இருந்தால் அது என் ரசனை. அதிலும் பழைய மர நாற்காலியாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, பழைய பொருள் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த மாதிரிக் கை இல்லாத நாற்காலிக்கு 'சைடு சேர்' என்று பெயர் என்பதையும், மேஜையின் இரண்டு கோடியிலும் கை வைத்தது, பக்கவாட்டில் கை வைக்காதது என்று ஒரு செட்டாகச் செய்வார்கள் என்பதையும் வீடியோ பார்த்துப் படித்து வைத்திருந்தேன். பெங்களூரில் தண்டு என்கிற பழைய கன்டோன்மென்ட் பகுதியில் அப்படிப்பட்டவை நிறையக் கிடைக்கும் என்றார்கள். அக்காவிடம், "தேர்ந்தெடுக்க நீயும் கூட வா" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கே தெரியாமல் அவள் அளவுக்கு வாங்கிவிடலாம் என்பது கணக்கு. முப்பது வருஷமாகத் துணி தைக்கிறவள், டேப் வைக்காமலே ஒருவரின் இடுப்பளவைச் சொல்லிவிடுவேன்.

முதல் நாள் காலையில் தொம்மலூரில் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. டிரைவரிடம் நான் பயின்று வைத்திருந்த கன்னடத்தில், "பலக்கே, பலக்கே" என்று வலது பக்கம் திருப்பச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, நான் ஆம்பூரு. தமிள்லயே சொல்லுங்க" என்றார். தெருவின் ஒரு முனையில் கண்ணாடி ஆபீஸ், மறுமுனையில் மாரியம்மன் கோயில். நடுவில் அக்கா வீடு. ஐப்பசிக் குளிரில் என் காதெல்லாம் ஜில்லிட்டது. அக்கா ஸ்வெட்டர்கூடப் போடாமல் வாசலில் நின்றிருந்தாள்.

"என்னடி இப்டி நடுங்குற? வா உள்ள" என்று இழுத்து அணைத்தாள். அக்காவின் அணைப்பில் எப்போதும் ஒரு ஆளுக்கு மேல் இடமிருக்கும். அரிசி மாவில் அக்கி ரொட்டி தட்டி, தேங்காய்ச் சட்னியோடு வைத்தாள். அவள் மட்டும் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். அத்தான் வழக்கம்போல, "உங்க ஊருக்கு மழையில்ல, எங்க ஊருக்குத் தண்ணியில்ல" என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போனார்.

சிவாஜிநகருக்கு பஸ்ஸில் போனோம். பெண்கள் பக்கத்தில் ஓர் இருக்கை பாதிக்கு மேல் காலியாக இருந்தது. உட்கார்ந்திருந்த அம்மாள் ஜன்னலோரம் நகர்ந்து, "இடமிருக்கு, வாங்கம்மா, உக்காருங்க" என்று கன்னடத்தில் கூப்பிட்டாள். அக்கா, "இல்லம்மா, எனக்கு ஸ்டாப் வந்துடும்" என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஸ்டாப் வர அரை மணி நேரம் ஆயிற்று.

சிவாஜிநகரில் துணிக்கடை, கறிக்கடை, வளையல் கடை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெரிய கடைவீதியும் நெரிசல்தான். ஆனால் அங்கே இடித்தவர் முறைப்பார். இங்கே இடித்தவர் "ஸாரி அக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி இடிக்கிறார். ஒரு சந்துக்குள் பழைய மரச்சாமான் கடைகள் வரிசையாக இருந்தன. பழைய இரும்பு, பேப்பர், மரம் எதுவானாலும் இங்கே 'குஜரி' என்கிறார்கள். ஆனால் நான் நுழைந்த கடையின் உரிமையாளர் சலீம் பாய் அந்தச் சொல்லைக் கேட்டால் கோபப்படுவார் என்று அக்கா முன்னாலேயே எச்சரித்தாள்.

பாய்க்கு அறுபது வயதிருக்கும். மருதாணி போட்ட தாடி. "வாங்க மேடம், என்ன மால் பாக்குறீங்க?" என்றார்.

நான் தையல்கடைக்காரி. கை வைத்த ஜாக்கெட், கை வைக்காத ஜாக்கெட் என்றே சொல்லிப் பழகியவள். அதே வாயால், "பழைய தேக்கு நாற்காலி பாய். கை வைக்காததா வேணும்" என்றேன்.

பாயின் முகம் மலர்ந்துவிட்டது. "அஸ்லி கஸ்டமர்! வர்றவங்க எல்லாம் பாலிஷ் போட்டது குடு, பளபளன்னு குடுன்னு கேப்பாங்க. நீங்க வந்த ஒடனே கை வெக்காதது கேட்டீங்க பாருங்க" என்று உள்ளே போய், தூசி படிந்த ஒரு பெரிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாய், இதுக்கு ரெண்டு கை இருக்கே?"

"ஆமா மேடம். ரெண்டு கையும் ஒரிஜினல். யாரும் கை வெக்கல."

"கை வைக்காததுன்னு சொன்னேனே?"

"அதான் சொல்றேன், இது வரைக்கும் ஒருத்தரும் கை வெக்கல. ஆணியக்கூட மாத்தல."

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நான் கேட்டது கை இல்லாதது. அவர் காட்டியது ரிப்பேர்காரன் கை படாதது. சொல்லி விளக்கியதும் பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் பழைய பொருளைப் பற்றி எல்லாம் தெரியுமே! "கை இல்லாததும் வேணும், அதுலயும் யாரும் கை வைக்காததா வேணும் பாய். ரிப்பேர் பண்ணினது, அறுத்து ஒட்டினது எதையும் என் கண்ணுல காட்டாதீங்க" என்று கறாராகச் சொன்னேன். பாய் மார்பில் கை வைத்து, "நம்ம கடையில அந்தப் பேச்சே இல்ல" என்றார்.

பிறகு நாலு நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார். பார்த்த உடனே பிடித்துவிட்டது. கறுத்த தேக்கு, முதுகில் லேசான வளைவு, உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல். கை இல்லை. அக்கா தெருவை வேடிக்கை பார்க்கும் நேரமாகப் பார்த்து டேப்பை எடுத்துப் பிரம்பின் அகலத்தை அளந்தேன். மனசு விட்டுப்போயிற்று. குறுகல். பின்பக்கம் போகப் போக இன்னும் குறுகல். வீடியோவில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று அங்கேதான் தெரிந்தது. செட்டில் கை வைத்த நாற்காலியைத்தான் அகலமாகச் செய்வார்களாம். பக்கவாட்டு நாற்காலி ஒல்லியாகத்தான் இருக்கும், வரிசையில் நெருக்கிப் போட வேண்டுமே!

"நாலுதான் இருக்கு. இந்த செட்டுல மீதி ரெண்டு எங்க?" என்று கேட்டேன்.

"அது சரியில்ல மேடம், விடுங்க" என்றார் பாய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நானும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் பசி. உட்கார்ந்து சாப்பிட நல்ல ஓட்டலாகக் கூட்டிக்கொண்டு போ என்றேன். அக்கா கூட்டிப்போன இடத்தில் நாற்காலியே இல்லை. உயரமான வட்ட மேஜைகளைச் சுற்றி எல்லோரும் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தர்ஷினி என்கிறார்கள், ஊர் முழுக்க இப்படித்தானாம். சாம்பாரில் வெல்லம் தெரிந்தது. எங்கள் ஊராக இருந்தால் சமையல்காரரை வெளியே கூப்பிட்டிருப்பார்கள். தட்டு இட்லி மட்டும் பஞ்சு. பிறகு 'பை டூ' என்று ஒரு காபி வாங்கி இரண்டு டம்ளரில் பங்கு போட்டுக் குடித்தோம். பக்கத்தில் கோட்டு போட்ட ஆபீசர், சுமை தூக்குகிறவர், கல்லூரிப் பெண்கள், எல்லோரும் நின்றார்கள். அக்கா அவர்களுக்கு நடுவில் கடகடவென்று பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மூன்றாவது இட்லி வாங்கினாள். பஸ்ஸில் பார்த்த அக்கா இல்லை இவள்.

இரண்டாவது நாள் அக்கா வீட்டுக்கு அருகில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு நாற்காலிக் கடைக்குப் போனோம். உள்ளே ஏசி, மெல்லிய இசை. ஒவ்வொரு நாற்காலியின் மேலும் 'தயவுசெய்து உட்காராதீர்கள்' என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டை. "உக்காராம எப்படிம்மா வாங்குறது?" என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டேன். "இது பாக்குறதுக்கு மேம்" என்றாள் அவள். நாற்காலியைப் பார்க்க விற்கிற ஊர்! அக்காவோ அந்த அட்டைகளைப் பார்த்ததும் நிம்மதியாகக் கடையைச் சுற்றி வந்தாள்.

பிற்பகல் ஆஸ்டின் டவுனில் 'பழைய காலத்து நாற்காலிகள் விற்பனைக்கு' என்று போனில் பார்த்த விலாசத்தைத் தேடிப் போனோம். ஆட்டோ ஆப் ஏதோ கோபத்தில் எங்களை இரண்டு தெரு தள்ளி இறக்கிவிட்டது. நடந்து, விசாரித்துப் போய்ச் சேர்ந்தால், நாற்காலிகள் உண்மையிலேயே பழையவைதான். முடிவெட்டும் கடை நாற்காலிகள். கழுத்தைச் சாய்க்கத் தலையணையும், கீழே மிதித்து உயர்த்தும் கட்டையும் இருந்தன. "எடுத்துக்கோடி, மாப்பிள்ளைக்கு நிச்சயத்தன்னிக்கே ஷேவிங் பண்ணி விட்டுடலாம்" என்றாள் அக்கா. இரண்டு பேரும் அந்தத் தெருவிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மறுபடியும் நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல். இரண்டு நாளில் மூன்றாவது முறை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெரிய ஊரில் அக்கா கூட்டிப்போகும் ஓட்டல் எதிலும் நாற்காலி கிடையாது. அவளுக்குத் தர்ஷினி பிடித்தது இட்லிக்காக மட்டும் இல்லை. காபி சூடு என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாவது நாள், வேறு வழியில்லாமல் சலீம் பாய் கடைக்கே திரும்பிப் போனோம். அந்த ஒல்லி நாற்காலிகளில் ஒன்றை வைத்து அகலமாகப் புதிதாகச் செய்யச் சொல்லலாமா என்று யோசனை. நாங்கள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை வருகிறேன் வருகிறேன் என்று மூன்று நாள் சொல்லும், வராது. பெங்களூர் மழை சொல்லாமல் வந்து நிற்கிறது. சந்தில் கணுக்கால் தண்ணீர். பாய் தேநீர் வரவழைத்தார்.

"உக்காருங்க அக்கா. கடை பூரா சேருதானே" என்றார்.

"பரவால்ல பாய்" என்று அக்கா டம்ளரோடு நின்றாள். சுற்றிலும் நாற்காலிகள். தரையில், சுவரில் மாட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உத்தரம் வரைக்கும் நாற்காலிகள். அத்தனைக்கும் நடுவில் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள். பாய் விடவில்லை. கை வைத்த நாற்காலி ஒன்றைத் துணியால் துடைத்து அவளுக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டார். "பெரியவங்க நிக்கக் கூடாது. உக்காருங்க."

நான் குறுக்கே விழுந்தேன். "அவளுக்கு முட்டி வலி பாய், உக்காந்தா எந்திரிக்க முடியாது, அதனாலதான்..."

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா. டம்ளரை மேஜை மேல் வைத்தாள். "நான் குண்டு, பாய். கை இருக்குற சேர்ல உக்காந்தா மாட்டிக்குவேன். எந்திரிச்சா சேரும் கூட வரும். ஒரு தடவை வந்துச்சு, ஊரே பாத்துச்சு. இவ மூணு நாளா தேடுறது எனக்குத்தான். ஆனா இவ பாக்குறதெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க சைசு. கை இல்லாம, அகலமா, ஸ்ட்ராங்கா ஏதாச்சும் இருக்கா? ரிப்பேர் பண்ணதோ பண்ணாததோ, எனக்கு அதெல்லாம் பேடா, வேணாம்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"மொத நாளே தெரியும். கையில டேப்ப வெச்சிக்கிட்டு சேர ஒரு தடவ பாக்குற, என்னை ஒரு தடவ பாக்குற. நீ கஸ்டமரப் பாக்குற பார்வை எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ முட்டி வலிங்குற."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன!" என்று கடையின் பின்கட்டுக்குப் போனார். சாமான்களைத் தள்ளும் சத்தம் கேட்டது. தலையெல்லாம் ஒட்டடையோடு இரண்டு நாற்காலிகளை இழுத்து வந்தார். அதே கறுத்த தேக்கு, அதே வளைவு, அதே பிரம்பு. ஆனால் நல்ல அகலம். கை இல்லை.

"இதான் நீங்க கேட்ட மீதி ரெண்டு. கை வெக்காதது, கை வெக்காததுன்னு சட்டம் பேசுனீங்க, இத எப்படி மேடம் காட்டுறது? இது கை வெச்ச மால்."

"கையே இல்லையே பாய்!"

"அதான். கைய எடுக்கக் கை வெச்சிருக்காங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். முதுகுச் சட்டத்தின் இரண்டு பக்கமும், உட்காரும் சட்டத்தின் ஓரங்களிலும், காசளவு வட்ட வட்டமாக வேறு நிற மரம் அடைத்திருந்தது. ஒரு காலத்தில் கைகள் இருந்த இடம். யாரோ ரம்பத்தால் அறுத்து, ஓட்டையை அடைத்து, இழைத்துவிட்டிருக்கிறார்கள். பழைய பொருள் ஆசாமிகள் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டார்கள், உள்ளே கொண்டுபோய் வை என்பார்கள். நானும் முந்தாநாள் வரை அந்த ஆசாமிதான்.

அக்கா உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து, ஒரு காலை மடித்துக்கூட வைத்துக்கொண்டாள். பிரம்பு ஒரு முனகல் முனகி அடங்கியது. இரண்டு பக்கமும் இடமிருந்தது. என் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்தாள். நாற்காலி தரையிலேயே இருந்தது.

அவள் திரும்பி அந்த வட்ட அடைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "யாருக்கோ எனக்கு முன்னாடியே எடம் பத்தலடி" என்றாள். பிறகு இன்னொன்றையும் பார்த்துவிட்டு, "ஒண்ணு இல்ல, ரெண்டும் அறுத்திருக்கு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே நம்ம கட்சி" என்று சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்தாள். புது வீட்டில் சிரித்த சிரிப்பு இல்லை இது. பாயும் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது, அடக்கவும் தோன்றவில்லை.

விலை பேசிய கதையை எழுதப்போவதில்லை. நான்தான் ஜெயித்தேன். பாயும் வீட்டில் போய் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆறையும் எடுத்துக்கொண்டோம். மேஜையைச் சுற்றிப் போட்டால் ஆறும் ஒரே குடும்பம். இரண்டு மட்டும் கொஞ்சம் அகலம் என்பது உட்காருகிறவருக்குத்தான் தெரியும்.

"ஆறையும் லாரில போட்டு திருச்சிக்கு அனுப்பிடட்டுமா மேடம்?" என்று கேட்டார் பாய்.

நான் தலையாட்டுவதற்குள் அக்கா குறுக்கிட்டாள். "நாலை அனுப்புங்க பாய். இந்த ரெண்டும் தொம்மலூருக்கு, எங்க வீட்டுக்கு."

"ஏன்க்கா? செட்டைப் பிரிக்கவா?" என்றேன் பதறி.

"எதுக்குடி பிரிக்கிறேன்? லாரில போட்டு ஒடச்சிடுவாங்க" என்று அக்கா முந்தானையைச் சொருகிக்கொண்டு, ஒட்டடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை திருச்சி ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்திருந்த என் கணவர், என் தோளில் தொங்கிய ஒற்றைப் பையைப் பார்த்தார். பின்னால் யாராவது தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"மூணு நாள் சுத்தினியே, நாற்காலி எங்க?"

"நாலு லாரில வருது" என்றேன். "ரெண்டு, தை மாசம் அக்காவோட வருது."